மூன்றாவது மாடியில் ஒரு பை

எங்கள் விடுதியில் அவளை மூட்டைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். போக்கிடம் இல்லாத இளம்பெண்களுக்காக நடக்கும் விடுதி இது. பத்தொன்பது வருடமாக நான் இங்கே வார்டன். வரும்போது எல்லோரும் சந்தேகத்தோடு வருவார்கள். போகும்போது சிலர் ஒரு வேலையோடு போவார்கள், சிலர் என் ஜன்னல் திரையோடு போவார்கள். இரண்டும் எனக்குப் பழகிவிட்டது.

மூட்டைக்காரிக்கு இருபது வயது. அம்மா போனபிறகு மாமா வீட்டில் இருந்தவள். பதினாறு வயதில் ஒருநாள் அத்தை அவள் துணிமணியை ஒரு பழுப்புப் பையில் திணித்து வாசலில் வைத்துவிட்டார். அதன்பின் நான்கு வருடம் பஸ் நிலையம். அந்தப் பை குளியலறைக்குக்கூட அவளோடு போகும். தனி அறை கொடுத்தோம், பூட்டு கொடுத்தோம். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பையையும் தோளில் மாட்டிக்கொண்டாள். கீழே வைத்த பை திரும்பக் கிடைக்காது என்று தெருவில் கற்றவளுக்கு நான் என்னத்தைச் சொல்லிப் புரியவைக்க?

அந்தப் பையாலேயே இரண்டு வேலை போயிற்று. துணிக்கடையில் திருட வந்தவள் என்று நினைத்தார்கள். பேக்கரியில் ஓடிப்போகத் தயாராக வந்தவள் என்று நினைத்தார்கள். மூன்றாவது வேலை ஆஸ்பத்திரி லாண்டரியில், படுக்கை விரிப்பு மடிப்பது. வெளிப் பை எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். இதுவும் போனால் அறையை வேறு பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லி விடுதிக் கமிட்டி எழுதிவிட்டது. அவர்களுக்கென்ன, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்.

"பையை ரூம்லயே வச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னு எல்லாரும்தான் சொல்வாங்க."

சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: தினமும் மதியம் ஒரு மணிக்கு லாண்டரி போனிலிருந்து கூப்பிடுவாள், பை இருக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் நாற்காலியை விட்டு அசையாமல், "இருக்கு" என்றேன்.

"ஜிப்புல என்ன கலர் கயிறு கட்டியிருக்கேன்?"

மாட்டிக்கொண்டேன். அவள் அறை மூன்றாவது மாடி. என் முழங்காலுக்கு ஐம்பத்தாறு வயது. செல்போனைக் காதில் வைத்தபடியே மாற்றுச் சாவியோடு ஏறினேன். எனக்கு மூச்சு வாங்குவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பச்சைக் கயிறு. மறுநாள் அதை மாற்றிச் சிவப்பு கட்டியிருந்தாள், கழுதை. இப்படி மூன்று வாரம். நான் பெற்ற பிள்ளைக்காகக்கூட இத்தனை படி ஏறியதில்லை.

நான்காவது வாரம் புதன்கிழமை போன் வரவில்லை. மணி ஒன்றரை ஆயிற்று. லாண்டரிக்குக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. சரி, கிளம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இதுபோல எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கட்டில் மேல் பை இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கமிட்டிக்கு எழுத வேண்டும்.

எழுந்திருக்கும்போதுதான் ஜன்னலடியில் தரை ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். நிமிர்ந்து திரையை விலக்கினால், ஜன்னல் கம்பியில் பை தலைகீழாகத் தொங்குகிறது. துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். கயிற்றைக் காணோம். அலமாரியைத் திறந்தேன். நான்கு சட்டை, ஒரு போர்வை, ஒரு துண்டு. எல்லாம் லாண்டரி மடிப்பில், ஓரத்தோடு ஓரம் சேர்த்து அடுக்கியிருந்தன.

சாயங்காலம் வந்தவளிடம், "ஏன் போன் பண்ணல?" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

அவள் நின்று யோசித்தாள். அவளுக்கே அது அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"மறந்தே போச்சுக்கா."

நான் திட்டவில்லை. போய்ச் சாப்பிடச் சொன்னேன். அவள் படியேறிப் போனபிறகு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன்.