நாமம் போட்ட மீன்ஜாடி

முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தாவுக்குச் சக்ரவர்த்தி என்று பெயர் வைத்தவர்களைத்தான் முதலில் சொல்லவேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஓட்டு வீடு, அதில் அம்ருதவல்லி என்று ஒரு மனைவி, செங்கற்பட்டில் வாழ்க்கைப்பட்ட வைதேஹி என்று ஒரே பெண். சாம்ராஜ்யம் அவ்வளவுதான். நான் அதே கோர்ட்டில் அவருக்குப் பக்கத்து மேஜை. பெயர் கலியாணசுந்தர முதலியார், வீடு பெரிய காஞ்சிபுரம். அவருடைய மூக்குப்பொடித் தும்மலை வருஷக்கணக்காகச் சகித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஊரில் பாதிப்பேர் உப்புக் காய்ச்சி ஜெயிலுக்குப் போன வருஷம், இவர் மதராஸ் மூர் மார்க்கெட்டில் தங்கமீன் வாங்கினார். நானும் கூடத்தான் இருந்தேன். இரண்டு மீன், ஒரு கண்ணாடி ஜாடி. கடைக்காரன், “கொசுப்புழு போடு சாமி, நல்லாத் துன்னும்” என்றான். சக்ரவர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. “என் ஆத்துக்கு வர மீன் புழு திங்காதுடா!” என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அன்று முதல் அந்த மீன்களுக்கு அவல்தான். ஏகாதசி வந்தால் அதுவும் கிடையாது.

அதோடு விட்டாரா? ஜாடியின் முகப்பில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு நாமம் தீட்டினார். வைணவர்களில் கலை இரண்டு, கலைக்கொரு நாமம். இவர் போட்டது எந்தக் கலை நாமம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஒரு கலையார் என்னை உதைக்க வருவார்கள். விபூதி பூசுகிற எங்களுக்கு இந்தத் தகராறு இல்லை. எங்களுக்கு வேறு தகராறுகள் உண்டு, அவையும் இதைவிட உயர்த்தி அல்ல. ஆனாலும் மீனுக்குக் கலை பார்த்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மீன் வந்தபின் அவருக்கு எதற்கும் ஒரு சாக்குக் கிடைத்தது. மைத்துனன் வீட்டுக் கல்யாணமா, மீனை யார் பார்ப்பது? சிராத்தத்துக்குக் கூப்பிட்டார்களா, ஜலம் மாற்றவேண்டுமே! சொந்தபந்தத்துக்குச் செலவு செய்யாமல் தப்பிக்க இத்தனை மலிவான வழியை வேறு யாரும் கண்டுபிடித்ததில்லை.

இந்த நிலையில் வைதேஹி பிள்ளை உண்டானாள். தலைச்சன் பிரசவம் முன்பு தாய்வீட்டில் நடந்து, குழந்தை தங்கவில்லை. இரண்டாவதைச் செங்கற்பட்டிலேயே வைத்துக்கொள்வது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அங்கே மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, கைகொடுக்க ஒரு பெண்பிள்ளை கிடையாது. ஏழாம் மாதத்திலிருந்தே அம்ருதவல்லிக்குத் தூக்கம் போயிற்று. பிரசவத்துக்குப் பெண் பக்கத்தில் தான் இருக்கவேண்டும், இந்தத் தடவையாவது குழந்தை பிழைக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாள் மனத்தில் வேறு எதுவும் இல்லை. ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் செங்கற்பட்டு.

சரியாக ஒன்பதாம் மாதத்தில் நம்மவர் மதராஸ் புறப்பட்டார். ஏதோ ஒரு கோயிலில் எந்தக் கலையார் முன்னால் நின்று சேவிப்பது என்ற வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தது. இவர் வாதி இல்லை, பிரதிவாதி இல்லை, சாட்சிகூட இல்லை. எதிர்க்கலையார் தோற்பதைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம். அதற்கு லீவு!

புறப்படுகிற அன்று நான் வழியனுப்பப் போயிருந்தபோது அம்ருதவல்லி கேட்டாள். “நானும் செங்கல்பட்டுக்குப் போறேனே. மீனைச் சடகோபன் ஆத்துல விட்டுட்டுப் போனா வரலக்ஷ்மி நன்னாப் பாத்துப்பா.”

சடகோபன் அடுத்த வீடு, பள்ளிக்கூட வாத்தியார். வரலக்ஷ்மி அவர் மனைவி. நல்ல மனிதர்கள், ஆனால் எதிர்க்கலை. சக்ரவர்த்தி குதித்தார். “அவா கையாலயா? நாளைக்கு நாமத்தை அழிச்சு அவா நாமத்தைப் போட்டுடுவா. நீ எங்கேயும் போகவேண்டாம். மீனைப் பாத்துண்டு ஆத்துல இரு. பெண்டுகள் பிரசவிக்கிறது லோகத்துல புதுசா?”

அந்த அம்மாள் ஜாடியைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “சாமி, என்கிட்ட குடுங்க. நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

“ஓய் முதலியார், உங்காத்துல மீன் குழம்பு கொதிக்கிற வாசனை டவுனுக்கே தெரியும். வேணுமானா சாயங்காலத்துல ஒரு நடை வந்து, அவ சரியா ஜலம் மாத்தறாளான்னு பார்த்துட்டுப் போம்.”

ஆக, மீனை வளர்க்க நான் லாயக்கில்லை. அவர் மனைவியை வேவு பார்க்க லாயக்கு. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதையாக இருக்கிறதே என்று பின்னால் விஷயம் கேட்டுச் சடகோபன்கூடச் சிரித்தார்.

போய்த்தான் வந்தேன். ஒரு சாயங்காலம் நான் வாசலில் நிற்கும்போதே தந்திக்காரன் வந்தான். வைதேஹிக்கு வலி எடுத்துவிட்டது, நிலைமை கஷ்டமாக இருக்கிறது, உடனே வரவும் என்று மாப்பிள்ளை அடித்திருந்தார். நான் படித்துச் சொன்னேன். அம்ருதவல்லி அழவில்லை. உள்ளே போய் ஒரு புடவையை மூட்டை கட்டினாள். மீன்ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நேரே அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள். “வரலக்ஷ்மி, இதை வெச்சுக்கோ. பிழைச்சா பிழைக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தாள். நான்தான் ஜட்கா வண்டி பிடித்து ரயிலேற்றினேன். அவள் போய்ச் சேர்ந்தபோது வைதேஹி நினைவு தப்பிக் கிடந்தாளாம். அம்மா கையைப் பிடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். பெண் குழந்தை, தாயும் சேயும் பிழைத்தார்கள்.

வரலக்ஷ்மிக்கு ஜாடி கழுவப் பொழுதில்லை. மீன்களைக் கிணற்றடிக் கல்தொட்டியில் விட்டுவிட்டாள். தொட்டியில் கொசுப்புழுவுக்குப் பஞ்சமில்லை. அவலும் ஏகாதசியும் மறந்து, இரண்டும் பளபளவென்று கொழுத்துத் துள்ளிக்கொண்டிருந்தன.

சக்ரவர்த்தி திரும்பினார். வழக்கு இன்னொரு தேதிக்கு ஒத்திப் போயிருந்தது. வாசலிலேயே மறித்து, “சாமி, பேத்தி பொறந்திருக்குது. பெரிய கண்டம் தப்பிச்சுது” என்றேன். “சரி, ஜாடி எங்கே?” என்றார். தெய்வமே, அந்த இடத்தில் அவர் குடுமியைப் பிடித்து ஆட்டலாம் போல இருந்தது எனக்கு.

விஷயம் தெரிந்ததும் ஆடித் தீர்த்துவிட்டார். எதிர்க்கலைத் தொட்டி, போதாக்குறைக்குப் புழு! மீன்களுக்குத் தீட்டுக் கழிக்கவேண்டும் என்றார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு வாழ்நாளில் வேடிக்கை என்பதே தெரியாது என்பதை மறந்துவிட்டேன். ஜாடியைத் தேய்த்து, நாமத்தைப் புதிதாகத் தீட்டி, மீன்களை அதில் விட்டார். பஞ்சகவ்யம் கரைத்துக்கொண்டு வந்தார். பாலும் தயிரும் நெய்யும் கோமியமும் சாணமும்.

“இன்னா சாமி இது! அது மூச்சு வுடுற தண்ணியில போயி இத்த ஊத்துறீங்களே?”

“மத்ஸ்யாவதாரம் ஓய்! பிரளயத்துலயே பிழைச்ச ஜாதி. உமக்கென்ன தெரியும்?” மந்திரம் சொல்லிக்கொண்டே கிண்ணத்தைக் கவிழ்த்தார். ஜலம் குழம்பிப் பச்சையாயிற்று. மந்திரம் முடிகிறதற்குள் ஒன்று மல்லாந்தது. மற்றது வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு, அதுவும் மிதந்தது. பிரளயத்தில் பிழைத்த ஜாதி சக்ரவர்த்தியிடம் பிழைக்கவில்லை.

பிறகு பட்ட பாட்டைப் பார்க்கவேண்டுமே. சமைக்கத் தெரியாது, வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. சடகோபன் சாப்பிடக் கூப்பிட்டார், கலை இடித்தது. கோயில் பிரசாதமும் வாழைப்பழமுமாக உடம்பு பாதியாயிற்று. வேஷ்டி அழுக்கேறிப் போயிற்று. உடனே வா என்று அவர் போட்ட கார்டுகளுக்குச் செங்கற்பட்டிலிருந்து பதில் வரவில்லை. கடைசியில், ஜில்லாக் கோர்ட்டு வேலையாக நான் செங்கற்பட்டு போகிறேன் என்று தெரிந்து, கூடவே தொற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் அம்ருதவல்லி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வைதேஹி தூணில் சாய்ந்திருந்தாள், முகத்தில் இன்னும் ரத்தம் ஊறவில்லை. பெரிய மனுஷர் குழந்தையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நின்ற நிலையிலேயே, ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர்போல ஆரம்பித்தார்.

“மீன் ரெண்டும் போயிடுத்து. நடந்தது நடந்துடுத்து, உன்னை நான் ஒண்ணும் சொல்லலை. கிளம்பு.”

அம்ருதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் துளியும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“மீன் போயிடுத்துன்னா, அங்க வந்து நான் யாரைப் பாத்துக்கணும்?”

சக்ரவர்த்தி வாயைத் திறந்தார். ‘என்னை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்ருதவல்லி குழந்தையைக் காலில் திருப்பிப் போட்டு, முதுகுக்கு எண்ணெய் எடுத்தாள்.

அவர்மேல் இரக்கப்பட முயன்று பார்த்தேன், முடியவில்லை. மாலை ரயிலில் நாங்கள் இருவர்தான் திரும்பினோம்.