என் கருத்தைக் கேட்டவர்கள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மறு வருடம், என் கருத்தைக் கேட்டு முதன்முதலாக ஒரு ஃபோன் வந்தது. டெக்சஸில் நாங்கள் வீடு வாங்கியிருந்த ஊரில், எங்கள் தெருவை ஒட்டிய காலி நிலத்தில் வாடகை அபார்ட்மென்ட் கட்ட ஒரு கம்பெனி சிட்டி கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருந்தது. அதைப் பற்றிய சர்வே என்றாள் ஃபோனில் பேசிய பெண். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னேன்.

போகப் போக ஏதோ உறுத்தியது. "பள்ளிக்கூடத்தில் நெரிசலும் தெருவில் திருட்டும் அதிகமாகும் என்று தெரிந்தால், அப்போதும் இதை ஆதரிப்பீர்களா?" என்று கேட்டாள். அதிகமாகும் என்று யார் சொன்னது என்றேன். எழுதியிருப்பதைத்தான் வாசிக்க முடியும் என்றாள். திருட்டு வேண்டும் என்று யார் சொல்வார்கள்? ஆதரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சர்வே யாருக்காக என்று கேட்டதற்கு, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சில நாட்களில் வாசலில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. இந்தப் பகுதி மக்களில் பெரும்பாலோர் அபார்ட்மென்ட்டை எதிர்க்கிறார்களாம். என்னையும் அதில் சேர்த்திருப்பார்கள். நான் எதிர்க்கவே இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்களும் அப்படி ஒரு வாடகை வீட்டில்தான் இருந்தோம்.

எதிர் வீட்டு மதுரைக்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். எதிர்ப்பாளர்களின் வாட்ஸப் குழுவை நடத்துபவர் அவர்தான். தெருவில் எல்லோரையும் போல என்னையும் அதில் சேர்த்திருந்தார்.

"சர்வே யார் எடுத்தா என்னங்க? நமக்கு ஃபேவராத்தானே வந்திருக்கு. சிட்டி கவுன்சில் மீட்டிங்குக்குக் கண்டிப்பா வந்துருங்க. கூட்டம் காட்டணும்."

கணவரோடு போனேன். அங்கே வேறொரு கூட்டம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அபார்ட்மென்ட்டை ஆதரிக்கும் வாசகம் அச்சிட்ட ஒரே மாதிரி பச்சை டீ-ஷர்ட்டில் இருந்தார்கள். மைக்கில் பேசியவர்கள் ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பச்சைச் சட்டைப் பெண்ணிடம் வீடு எங்கே என்று கேட்டேன். ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணி வர வேண்டிய ஊரைச் சொன்னாள். தோழி கூப்பிட்டாளாம், சாப்பாடும் உண்டாம். ஒளிக்காமல்தான் சொன்னாள்.

நானும் பேசப் பெயர் கொடுத்தேன். என் முறை வந்தபோது இரண்டையும் சொன்னேன். ஃபோனில் கேட்ட கேள்வியைச் சொன்னேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் இந்த ஊர்க்காரர்கள் என்று விசாரிக்கச் சொன்னேன். மக்கள் கருத்து என்று எதையும் எடுத்துக்கொள்ளும் முன் அதை யார் தயாரித்தார்கள் என்று பாருங்கள் என்றேன். தலைமை தாங்கியவர் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே பார்க்கிங்கில் எதிர்ப்பாளர் ஒருவர் வழிமறித்து, பில்டர் அனுப்பினாரா என்று என்னிடம் கேட்டார். அவர் நகர்ந்ததும் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, நான் எந்த அமைப்பைச் சேர்ந்தவள் என்று விசாரித்தார்.

காரில் என் கணவர் சிரித்தார். "ரெண்டு பக்கமும் உன்னை ஸ்பைன்னு நினைச்சுட்டாங்க."

"நான் சொன்னதுல என்ன தப்பு?"

"தப்பு இல்ல. ஆனா அபார்ட்மென்ட் வேணுமா வேணாமான்னு நீ சொல்லவே இல்லையே."

வீட்டுக்கு வந்ததும், அந்த வீடுகள் வரட்டும், பக்கத்தில் குடும்பங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம் என்று கவுன்சில் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஈமெயில் அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று எல்லோரிடமிருந்தும் உடனே ஒரே பதில் வந்தது. மனிதர் யாரும் அவ்வளவு வேகமாகப் படித்திருக்க முடியாது.

கடைசியில் கேட்டதைவிடக் குறைவான வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. மக்கள் கருத்து வென்றது என்று இரு தரப்பும் அறிவித்தன. அவர்கள் சொன்ன மக்களில் நான் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. வாட்ஸப் குழுவிலிருந்து மட்டும் என்னை நீக்கியிருந்தார்கள். மதுரைக்காரப் பெண் இப்போதும் தெருவில் பார்த்தால் கையசைக்கிறார், கார்க் கண்ணாடியை இறக்குவதில்லை.