ஆற்றங்கரையில் நின்ற பொன்னி

தகரக் கூரையில் மழை கொட்டினால் எங்கள் வகுப்பில் டீச்சரின் குரல் கேட்காது. மழை ஓயும்வரை விரலைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு நிற்பார், நனைந்த குடைகளின் வாடை எங்களைச் சுற்றி நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து வாசிப்பார். அந்த வருடம் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் எங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. கேரளத்தில், பாறசாலைப் பக்கத்து எங்கள் பள்ளியில் மலையாளம் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நாங்கள் காதால்தான் படித்தோம். அப்படிக் கேட்ட ஒரு சிறுகதையில் தொடங்கிய குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கதை இவ்வளவுதான், தகப்பன் 'நான்' என்று தானே சொல்வதுபோல எழுதியது. காய்ச்சலில் கொதிக்கிற மகள் பொன்னியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் ஆற்றங்கரையில் நிற்கிறான். அக்கரையில் ஆஸ்பத்திரி. பொழுது சாய்கிற நேரத்தில் தூரத்தில் ஒரு படகு தெரிகிறது. அது வருகிறதா போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை என்று அவன் சொல்கிறான். டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார். மழைக்காகத்தான் நிறுத்தினார் என்று நாங்கள் காத்திருந்தோம். மழை பெய்யவே இல்லை.

கதை என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரிந்ததுபோலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது. எங்கள் சபையார் வெள்ளிக்கிழமைதோறும் யார் வீட்டிலாவது கூடி ஜெபம் நடத்துவார்கள். அதில் 'சாட்சி' சொல்ல எழுகிறவர், 'நான்' என்று தொடங்கி, வந்த நோயையும் பட்ட பாட்டையும் சொல்லி, தப்பித்ததில் கொண்டு முடிப்பார். 'நான்' என்று ஒருவர் சொன்னால் அது நடந்ததுதான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை. கதையில் வந்த தகப்பன் மட்டும் தப்பித்ததைச் சொல்லவில்லை. அப்படியென்றால் இன்னும் தப்பிக்கவில்லை என்றுதானே ஆகிறது?

அந்த வாரம் ஜெபம் எங்கள் வீட்டில். சபையை நடத்துகிற உபதேசியார், "வேற ஜெபக்குறிப்பு உண்டா?" என்று கேட்டபோது நான் எழுந்துவிட்டேன்.

"பொன்னின்னு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். ஆத்துக்க கரையில நிக்குது. அக்கர போக வள்ளம் இல்ல."

"எந்தப் பொன்னி? பூவாருல உள்ளதா?" என்றார் பக்கத்து வீட்டு எஸ்தர் மாமி.

"தெரியாது மாமி."

"அவளுக்க அப்பனுக்க பேரென்ன?"

டீச்சர் வாசித்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். கதை முழுக்க அவன் 'நான்'தான். "பேரு சொல்லல்ல" என்றேன்.

"பேரில்லாத அப்பன் உண்டா மக்கா?" என்று சிரித்தார் மாமி. "சாரமில்ல, பேரு வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும்." ஜெபிக்க முதலில் கண்ணை மூடியதும் அவர்தான்.

அதற்குப் பிறகு வேலிக்கு அப்பாலிருந்து மாமி என்னைக் காணும்போதெல்லாம், "பொன்னிக்கு எப்படி உண்டு?" என்று விசாரித்தார். அதைக் கேட்டுவர நான் டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், படகு வந்துதா?"

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "அதாக்கும் உத்தி. எழுத்தாளர் முடிவ வாசகருட்ட விட்டிருக்காரு."

"வாசகர்னா யாரு டீச்சர்?"

"நீதான்."

ஆறு என்பது ஆறு மட்டும் இல்லை, அது ஒரு குறியீடு என்றும் சொன்னார். நெய்யாற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஆறு வேறு என்னவாக இருக்க முடியும் என்று பிடிபடவில்லை. முடிவு என்னிடம் விடப்பட்டிருக்கிறது என்றால், நான் முடிவு செய்கிறவரை அந்தப் பிள்ளை காய்ச்சலோடு கரையில் நின்றுகொண்டுதானே இருக்கும்? வந்தது என்று நான் சொல்லி, அது போகிற படகாக இருந்துவிட்டால்?

கடைசியில் புத்தகம் வந்தது. மாமியின் மகன் ஜெபசிங் என் வகுப்புதான். அடுத்த ஜெபத்துக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கதையை வாசித்தே காட்டிவிட்டான். என் அம்மா வெட்கப்பட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மாமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அப்போ இத்தன நாளும் அச்சடிச்ச காயிதத்துக்காக்கும் நாம முட்டுக்குத்தி ஜெபிச்சது."

உபதேசியார் கொஞ்சம் யோசித்தார். "ஜெபிச்சது ஜெபிச்சதாக்கும். திரும்ப எடுக்க ஒக்குமா? சாயா கொண்டு வாங்க."

விஷயம் அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். படகு வந்ததா என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு நான் தையல் மிஷினுக்கு வந்துவிட்டேன். படகு வந்ததா என்பதற்கான விடை நான் போகாத பத்தாம் வகுப்பில் இருந்திருக்குமோ என்று துணி வெட்டும்போது தோன்றும். நெய்யாற்றின்கரை டவுனில் படிக்கிற என் மகளிடம் கேட்டேன். "ஓப்பன் எண்டிங், அம்மா. அவ்வளவுதான்" என்றாள். எனக்கு இத்தனை வருடக் கவலை, அவளுக்கு ஒரு மார்க் கேள்வி.

அந்தத் தகரக் கூரை இப்போது இல்லை, அங்கே தமிழ் வகுப்பும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜெபம் போனில் ஒரு குழுவுக்குள் போய்விட்டது. முகம் தெரியாத பெயர்கள் வருகின்றன, கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுகின்றன. பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் போடுவதில்லை.

போன மழைக்காலத்தில் எஸ்தர் மாமி படுக்கையில் விழுந்தார். ஒரு நேரம் ஓர்மை உண்டு, ஒரு நேரம் ஆளே தெரியாது. கஞ்சி கொண்டுபோயிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, அந்த ஆத்துக்கரையில நின்ன பிள்ளைக்குப் பின்ன என்ன ஆச்சு?"

பழையபடி கேலிதானா, இல்லை அது புத்தகத்துப் பிள்ளை என்பதை மறந்துவிட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"வள்ளம் வந்துது மாமி. ஏத்திக் கொண்டு போயாச்சு."

மாமி கண்ணை மூடிக்கொண்டார். "அப்போ இனி நான் ஜெபத்த நிறுத்தலாமா?"

நிறுத்தலாம் என்று சொன்னால் மாமி பிறகு கண்ணைத் திறக்கமாட்டாரோ என்று எனக்குப் பட்டது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"காய்ச்சல் முழுசா விடல்ல மாமி" என்றேன். "இன்னும் கொஞ்ச நாளு ஜெபியுங்க."