மேனேஜருக்கு ஒரு மலை

வீடு கட்றவன் மேல வீட்டுக்காரருக்கு மட்டும்தான் கோபம் வரும். மீன் தொட்டிக்குள்ள மலை கட்றவன் மேல குடும்பத்துக்கே வரும். நான் கொத்தனார். முட்டி வலியில சாரம் ஏற முடியாமப் போனதால, தெர்மாக்கோலை மலை மாதிரி செதுக்கி, சிமெண்ட் பூசி, தொட்டிக்குள்ள பின்பக்கமா நிக்க வெக்கிற வேலைக்கு வந்தேன். அடுத்தவங்க வீட்ல வேலையை ஒத்துக்கினு முழிச்ச எல்லாருக்கும் ஆம்பூர் தேவராஜ் வீட்டுக் கதை புரியும். அதுதான் என் முதல் மலை.

ஏரி

தேவராஜ் ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். அவர் தொட்டியில ஒரே ஒரு ஆஸ்கர் மீன், உள்ளங்கை அகலம். யார் கிட்ட போனாலும் கண்ணை உருட்டி முறைக்கும். அதனால அதுக்கு மேனேஜர்னு பேர். தொட்டி காலியா இருந்தாத்தான் வேலை நடக்கும்னு மேனேஜரை பாத்ரூம் டிரம்முக்கு மாத்தினோம். "ரெண்டு நாள்தாம்மா"ன்னு அவர் சம்சாரம் எஸ்தர்கிட்ட சொன்னது நான்தான்.

தெர்மாக்கோலை அடுக்கடுக்கா ஒட்டணும். எங்க பக்கம் எது பிஞ்சாலும் ஷூ ஒட்ற சொல்யூஷன்தான். செருப்பு, ஸ்கூல் பை, என் மூக்குக் கண்ணாடி எல்லாம் அதாலதான் நிக்குது. தாராளமா ஊத்தினேன். ஊத்தின இடமெல்லாம் தெர்மாக்கோல் ஐஸ் மாதிரி கரைஞ்சி உள்ள போய்ட்டுது. தேவராஜ் குனிஞ்சி அந்தப் பள்ளத்தைப் பாத்தாரு.

"மலை கேட்டேன், மேஸ்திரி. ஏரி வெட்டிக் குடுத்துட்டீங்களே."

குளிக்கப் போன குடும்பம்

வேற பசை வாங்கி, புதுசா செதுக்கி, சிமெண்ட் பூசினேன். மலையடியில ஒரு குகையும் வெச்சேன். யாரும் கேக்கல, எனக்கே ஒரு ஆசை. பூசினதும் மீனை விட்றக் கூடாது. சிமெண்ட்டோட காரம் போற வரைக்கும் மலையை ஊறப் போட்டு ஊறப் போட்டு தண்ணி மாத்தணும், இல்லன்னா மீன் செத்துடும். நான் சொன்ன ரெண்டு நாள் வாரக் கணக்குல இழுத்துது.

குளிக்கிற டிரம்முல மேனேஜர் இருந்ததால, அந்த வீட்டு ஆளுங்க சோப்பும் துண்டுமா பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போனாங்க. டிரம்முக்குத் தண்ணி மாத்தறது எஸ்தர் தலையில விழுந்துது. தினமும் எவர்சில்வர் சொம்பால டிரம்மை டங்கு டங்குன்னு தட்டி, "தள்ளுடா சனியனே"ன்னு மேனேஜரை ஒதுக்குவாங்க. திட்டினாலும் ஒரு இறா துண்டைப் போடுவாங்க. ஒருநாள் என்னைப் பாத்ததும் சொம்பும் கையுமா வாசலுக்கே வந்துட்டாங்க.

"கிறிஸ்துமஸுக்கு எங்கண்ணன் காட்பாடியிலேர்ந்து வர்றாரு. அதுக்குள்ள மேனேஜர் பாத்ரூமைக் காலி பண்லன்னா, அன்னிக்கு குழம்புல இருப்பாரு."

எழுந்த மலை

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். காரம் போய்ட்டுது. மலையைத் தொட்டியில நிறுத்தி, பசை தடவி, தண்ணி ஊத்தினோம். பாதி நிறைஞ்சதும் மலை லேசா அசைஞ்சுது. முக்கால் நிறைஞ்சதும் கண்ணாடியை விட்டுட்டு மேல வந்து மல்லாந்துச்சு. உள்ள இருக்கறது தெர்மாக்கோல் ஆச்சே. தேவராஜ் அமுக்கினாரு, நான் அமுக்கினேன், கையை எடுத்தா திரும்ப வந்துடுது. என் கை பட்ட எதுவும் அதுவரைக்கும் மிதந்ததில்ல.

தண்ணியை இறைச்சிட்டு, கண்ணாடிக் கடையில சிலிக்கான் பசை வாங்கியாந்து ஒட்டி, அந்தப் புளிச்ச வாடை போற வரைக்கும் காய விட்டேன். மலை நின்னுது. ஆனா முதல்ல மிதந்தப்போ எஸ்தர் சமையக்கட்டுலேர்ந்து வந்து பாத்துட்டு சொன்னது இன்னும் காதுல நிக்குது.

"கொத்தனார் கட்டினது இடிஞ்சி கீழ விழுந்து பாத்திருக்கேன். எழுந்து மேல போய் இப்பத்தான் பாக்கறேன்."

பொந்து

கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில மேனேஜரைத் தொட்டியில விட்டோம். ஒரு தடவை எங்களை முறைச்சிட்டு நேரா குகைக்குள்ள போய்ட்டாரு. வெளியே வரல. காட்பாடி அண்ணன் வந்தாரு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து ரொம்ப நேரம் பாத்தாரு. "இன்னா மாப்ளே, தண்ணி ஊத்தி கல்லு வளக்கறியா?"ன்னாரு. தேவராஜ் கண்ணாடியைத் தட்டினாரு, தீனி போட்டாரு, கெஞ்சினாரு. நான் மேனேஜருக்கு உயிர் போய்ட்டுதோன்னு வேர்த்துனு நிக்கறேன்.

எஸ்தர் பாத்ரூமுக்குப் போய் அந்தச் சொம்பை எடுத்தாந்தாங்க. தொட்டி விளிம்புல டங்கு டங்குன்னு தட்டி, "தள்ளுடா சனியனே"ன்னாங்க. மேனேஜர் குகையிலேர்ந்து பாஞ்சி வந்து, அவங்க முகத்துக்கு நேரா நின்னு வாயைத் திறந்துனு வாலை ஆட்டினாரு. குழம்பு வெக்கறேன்னவங்க ஒரு இறாவைக் கிள்ளிப் போட்டுட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"மொதல்ல இந்தப் பொந்தை அடைச்சி விடு மேஸ்திரி, புள்ள இருட்டுல பயந்துனு இருக்குது."

ஆக, அத்தனை பாடுபட்டு நான் கட்டின மலை குகையோட இன்னும் அசையாம நிக்குது, ஆனா அந்த வீட்ல மீனைக் காட்டணும்னா இன்னிக்கும் பாத்ரூம் சொம்புதான் வரணும்.