பெட்ரோல் ஜீப்புக்கு சைடு பைப் வைக்கப் போன 22 கிலோமீட்டர்

மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் நண்பர்கள் சிலர், ராக் ஸ்லைடரை நாமே செய்துகொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். நான் 1993 ஜனவரியில் அப்படித்தான் செய்தேன். அதற்காக ஓட்டிய தூரம் 22 கிலோமீட்டர்தான். இத்தனை வருடப் பயணங்களில் நான் மறக்க முடியாதது அந்த நாள்தான்.

முதலில் காரணம். அதற்கு முந்தைய மாதம் நானும் என் மனைவி மல்லிகாவும் நாகலாபுரம் மலையடிவாரத்துக்குப் போயிருந்தோம். ஓடையைக் கடக்கும்போது வண்டி இடப்பக்கமாகச் சரிந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. கதவுக்குக் கீழே இருந்த தகடு நசுங்கி மேலேற, மல்லிகா பக்கத்துக் கதவு திறக்கவே இல்லை. வண்டிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கியர் கம்பியைத் தாண்டி அவளை என் பக்கமாக இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு கனமான பைப்பை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தால், பாறை அதில் உரசி வழுக்கிப் போயிருக்கும். இப்போது ராக் ஸ்லைடர் என்கிறோம். அப்போது எங்களுக்கு அது சைடு பைப்.

எனக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, கோவில்பதாகையில் வாடகை வீடு. ஒரு சனிக்கிழமை காலை 7.10க்குக் கிளம்பினோம். "செய்யறத நான் பக்கத்துல நின்னு பாக்கணும். அப்பறம்தான் மலைக்கு வர்றதா வேணாமான்னு சொல்வேன்" என்று மல்லிகாவும் ஏறிக்கொண்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட் பழைய இரும்புக் கடை 13 கிலோமீட்டர். இரண்டு அங்குலக் கறுப்பு பைப் 14 அடி, 280 ரூபாய். (துத்தநாகம் பூசிய பைப்பை வாங்காதீர்கள். பற்றவைக்கும்போது வரும் புகை நெஞ்சை அடைக்கும்.) பைப்பைக் கூரையில் கட்டிக்கொண்டு அயனம்பாக்கம் வழியாக வேலப்பன்சாவடிக்கு 9 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது மணி 9.35. துரைக்கண்ணுவின் வெல்டிங் பட்டறை சாலையை ஒட்டியே இருந்தது. துரை பக்கத்து ஊரான நூம்பல்காரர், என் வயதுதான். காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து பட்டறையைத் திறப்பார்.

என் ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். துரை குனிந்து பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"டேங்க்க கழட்டாம நான் இதுல நெருப்பு வெக்க மாட்டேன் சார்."

"எனக்கு ரெண்டரைக்கு ஷிஃப்ட் துரை. நட்டெல்லாம் துருப்பிடிச்சு கெடக்கு. ஈரச்சாக்கு போட்டு மூடிட்டு அடிக்க முடியாதா?"

"அப்டீன்னா வேற பட்டறைக்குப் போ சார்."

கழற்றினோம். ஒன்றேகால் மணி நேரம் போனது. டேங்க்கைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்தார். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில் மிச்சப் பெட்ரோல் இருக்கும், அதன் வாயில் மர ஆப்பு அடித்து, மேலே சைக்கிள் ட்யூப் சுற்றிக் கட்டு என்று என்னிடம் சொல்லிவிட்டு பைப் அறுக்கப் போனார். ஆப்பு சீவ எனக்குப் பொறுமை இல்லை. கையிலிருந்த துணியைச் சுருட்டித் திணித்துவிட்டேன்.

வலப்பக்கம், பைப்பை சேசிஸோடு இணைக்கும் தாங்கிகளில் இரண்டு ஒழுங்காகப் பற்றிக்கொண்டன. மூன்றாவதற்கு அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். முகத்தில் கறுப்புக் கண்ணாடி வைத்த மூடி. வெல்டிங் பண்ணுகிறவருக்கு அந்த வெளிச்சப் புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாது. நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெருப்பு" என்றாள் மல்லிகா.

துணி பெட்ரோலை உறிஞ்சி, சொட்டி, எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் தழல் சேசிஸ் ஓரமாகவே ஓடி அவர் தோளுக்கு வந்துவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை, பற்றவைத்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டேன், இரைச்சலில் கேட்கவில்லை. இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தேன். சட்டை எரிய எரிய வெளியே வந்தார். மல்லிகா பட்டறையில் நனைத்து வைத்திருந்த ஈரச்சாக்கை அவர்மேல் போட்டு அமுக்கினாள். பிறகு வண்டிக்கடியில் மணலை வாரி வாரி இறைத்தாள். நெருப்பு அணைந்தது.

துரைக்கு வலது தோளும் காதும் வெந்திருந்தன. என் ஜீப்பில் டேங்க் இல்லை, நகராது. நடுரோட்டில் நின்று ஒரு பால் வேனை மறித்தேன். டிரைவர் துரையின் தோளைப் பார்த்தார். "ஏத்து" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை. பூந்தமல்லி ஆஸ்பத்திரி 6 கிலோமீட்டர். வழியில் துரை பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆப்பு வெச்சியா சார்?"

"வெச்சேன்" என்றேன்.

கட்டுப் போட உள்ளே அழைத்துப் போனார்கள். வாசலில் மல்லிகா என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "கருகின துணிய நான் பாத்தேன். அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மணி 2.20. உள்ளே போய்ச் சொன்னேன். துரை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன் பேச்ச கேட்டு டேங்க்க கழட்டாம உட்டிருந்தா, மல்லிகா தங்கச்சியும் அங்கதான சார் நின்னுகினு இருந்துச்சு" என்றார். பிறகு, "வண்டி அங்கியே கெடக்கட்டும். நான் வர்ற வரிக்கும் ஒருத்தனும் தொடக் கூடாது."

இருபத்து நான்கு நாள் வண்டி அங்கேயே கிடந்தது. நான் தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் பஸ் பிடித்துப் போய் அவர் வீட்டில் எட்டிப் பார்ப்பேன். முதல் வாரம் அவர் என்னிடம் பேசவே இல்லை. இரண்டாம் வாரம் உட்காரச் சொன்னார். கடைசியில் மிச்ச வேலையையும் அவரே முடித்தார். ஆப்பை என் கையால் சீவச் சொல்லி, நான் அடித்ததை மூன்று முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் மூடியை முகத்தில் போட்டார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, காலை 6.15க்கு நான், மல்லிகா, துரை மூன்று பேரும் நாகலாபுரம் கிளம்பினோம். அதே ஓடை. வண்டி அதே பக்கம் சரிந்தது. இரும்பு பாறையில் கீறும் சத்தம் கேட்டது. வண்டி உட்காரவில்லை. பைப்பின்மேல் வழுக்கிக்கொண்டே இறங்கி அக்கரை ஏறியது. துரை இறங்கி, வலது தோள் தரையில் படாமல் ஒருக்களித்துப் படுத்து ஒவ்வொரு தாங்கியாகத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணும் உட்டுக்கல" என்றார். அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

நீங்கள் செய்வதாக இருந்தால்: பக்கத்துக்கு மூன்று தாங்கிகள், சேசிஸில் மட்டும் பற்றவையுங்கள், பாடித் தகட்டில் வேண்டாம். டேங்க்கைக் கழற்றுங்கள், பேட்டரி வயரையும். பெட்ரோல் குழாயை முழுக்க வடித்துவிட்டு வாயை இறுக்கி அடையுங்கள். அவசர வேலை இருக்கும் நாளில் தொடங்கவே தொடங்காதீர்கள். வெல்டிங் நடக்கும்போது சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் நிற்கட்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.