அக்காவுக்குக் காட்ட ஒரு சேலை

தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி சிரித்துக்கொண்டே எங்கள் லயத்து வீடுகள் பக்கம் வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். அவர் சிரிக்கிற ஆளே இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அப்படித்தான் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார்.

"கே.எல்.ல பெரிய பொருட்காட்சி. நம்ம தேயிலைக்கும் ஒரு கடை போடுறாங்க. கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க ரெண்டு பேர் வேணும்னு துரை சொல்லிட்டாரு. நீயும் பக்கத்து வீட்டுப் புள்ளையும் வாங்க. நாலு நாளுதான். தங்குற இடம், சாப்பாடு எல்லாம் தோட்டத்துப் பொறுப்பு."

"இத்தனை பேரு இருக்கையில நான் எதுக்குங்கய்யா?"

"நீ நல்லா பேசுவ லா. அதான்."

நல்லாப் பேசுகிறேனாம்! போன மாதம்தான் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நான் போட்ட சண்டைக்கு, "உன் வாய்க்குப் பூட்டுப் போடணும்" என்று இதே மனிதர் கத்தினார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சோழியன் குடுமி சும்மா ஆடாது. பார்த்துப் போ" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் பார்த்துத்தான் போயிருப்பேன்.

ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. கே.எல். என்கிற கோலாலம்பூரில்தான் என் அக்கா இருந்தாள். கல்யாணம் முடிந்து அங்கே போனவள் மலையேறி வந்ததே அபூர்வம். நாங்கள் பார்த்துக்கொண்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் தீபாவளி தவறாமல் ஒரு பார்சல் வந்துவிடும். அவள் கட்டிச் சலித்த சேலைகள், கழுத்து தொளதொளத்த ரவிக்கைகள், அவள் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள். "நல்ல துணி, வீணாக்காதே" என்று ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, பாசம்தான். ஆனால் கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு என்று நான் கட்டியதெல்லாம் அவள் கட்டி முடித்தது. அவள் உடம்பில் படாத ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை அவள் முன்னால் நிற்க வேண்டும், அவள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பொருட்காட்சிக்கு வரச் சொல்லி அக்காவுக்குக் கடிதம் போட்டேன்.

பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் ஒரு நைலக்ஸ் சேலை வாங்கினேன். கத்தரிப்பூ நிறத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. கசங்காது, இஸ்திரி கேட்காது, சுருட்டினால் கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அதற்கேற்ற ரவிக்கை, குதிகால் உயர்ந்த செருப்பு, ஒரு கைப்பை. "கே.எல்.ல இப்ப எல்லாரும் இதான்மா கட்டுறாங்க" என்றார் கடைக்காரர். உலகத்தில் யாரையும் நம்பாத நான் அந்த ஆளை மட்டும் அப்படியே நம்பினேன்.

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள்.

"அண்ணி, நைலக்ஸா? வேணாம் அண்ணி. அந்த வெயிலுக்கு ஒடம்போட ஒட்டிக்கும். பருத்தி வாயில் சேலைதான் நல்லா காத்தோட்டமா இருக்கும். எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணு தரவா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இவளுக்கு ஏன் இந்த அக்கறை? நான் வெளுத்துப்போன வாயிலைச் சுற்றிக்கொண்டு நிற்க, பக்கத்தில் இவள் மினுக்கவா? அதுவும் 'தரவா' என்கிறாள்! இன்னொருத்தி சேலை வேண்டாம் என்றுதானே இந்தப் பாடு! "எனக்கு ஒட்டாது புள்ள, நீ போய் உன் துணிய மடி" என்று அனுப்பிவிட்டேன். வெயிலாம், பெரிய வெயில்! பனி விலகி மத்தியானம் ஒரு மணி நேரம் முதுகில் இதமாக விழுமே, எனக்குத் தெரிந்த வெயில் அதுதான். அதற்குப் பயந்து யாராவது சேலையை மாற்றுவார்களா? போதாததற்கு ஒரு கம்பளிச் சட்டையையும் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் கிராணி சொல்லியனுப்பினார். வேலைக்குக் கட்டுகிற துணியையும் கொண்டுவர வேண்டுமாம். இடுப்பில் கட்டும் சாக்கு, தலைத்துணி, கூடை எல்லாம். அட, இதற்குத்தானா அந்தச் சிரிப்பு! நாலு நாளும் சாக்கைக் கட்டி எங்களை வேடிக்கைப் பொருளாக நிறுத்தப் போகிறார்கள். அந்தக் கோலத்திலா அக்கா என்னைப் பார்க்க வேண்டும்? எல்லாரும் பார்க்கச் சாக்கைப் பெட்டியில் வைத்தேன். கிளம்புகிற காலையில் யாரும் பார்க்காமல் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். கூடையையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

பொருட்காட்சியில் கிராணி என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க சாக்கு?"

"மறந்துட்டேங்கய்யா."

நான் புளுகுகிறேன் என்று அவருக்குத் தெரியும். சுற்றிலும் பெரிய மனிதர்கள் நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரியைச் சாக்கும் கூடையுமாகத் தொட்டித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். என்னைத் தேநீர் ஊற்றச் சொல்லி மேசைக்கு அனுப்பினார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மேலே தகரக் கூரை. முன்னால் கொதிக்கிற வெந்நீர். அம்மாடி, அதுதான் வெயில்! ஒரு மணி நேரத்தில் நைலக்ஸ் முதுகோடு ஒட்டிக்கொண்டது. நடந்தால் கால்களைச் சுற்றிப் பிடித்தது. சாயங்காலம் பார்த்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்க்குரு. தங்கிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி வாயில் சேலைக்கு மாறி ஹாயாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. உள்ளுக்குள் சிரிக்கிறாளோ என்று நான்தான் முகத்தை முகத்தைப் பார்த்தேன். பவுடர் டப்பாவை நீட்டினாள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்காவது இதக் கட்டிக்குங்க அண்ணி" என்றாள். மாட்டேன் என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

எரிகிற முதுகோடு அதே நைலக்ஸைக் கட்டிக்கொண்டு நின்றேன். பதினொரு மணிக்கு அக்கா இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். என்னைத் தாண்டி நேராகச் சாக்குக் கட்டியவளிடம் போய், குனிந்து தலைத்துணிக்குள் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினாள். அக்கா திரும்பினாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இதற்குத்தானே வந்தேன்!

ஓடிவந்து என் முந்தானையைக் கையில் எடுத்தாள். தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்ளோ அழகா இருக்குடி உனக்கு! நான் அனுப்புனதுதானே இது? புதுசு மாதிரி வச்சிருக்கியே, என் தங்கம்!" பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா, அம்மா சேலைய சித்தி எப்படிப் பாதுகாக்கிறாங்கன்னு."

பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. கூடையோடு இரண்டு எட்டு வைத்து வந்தாள். "இல்லீங்கக்கா, அது அண்ணி புதுசா…"

நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாக்கா. நீ அனுப்புனதுதான்."

அக்கா முகம் அப்படி மலர்ந்துபோனது. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அதைப் பாசம் என்று நினைத்து, வேர்க்குரு எரிய எரிய, அவள் என்னை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.