கொழுந்தன் வைத்த காவலாளி

பஸ் கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு யார் மீதும் பெரிய கோபம் கிடையாது, கொழுந்தனைத் தவிர. வீட்டில் அவனுக்குச் செல்லப்பெயர் மேதை. சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கத் தெரியாதவனுக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்பது மாமியாருக்கே வெளிச்சம். மாமியாரின் நச்சரிப்புத் தாங்காமல் அவள்தான் மேனேஜரிடம், "பொறுப்பான பையன் சார்" என்று வாய் கூசாமல் சொல்லி, அறிக்கைப் பிரிவில் சேர்த்துவிட்டாள்.

எந்த டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்பியது என்று தொகுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கும் உடம்பு வளையவில்லை. தானாகவே தொகுத்துவிடும் ஒரு ஸ்கிரிப்ட்டை, அதாவது ஒரு குட்டி புரோகிராமை, எங்கிருந்தோ பிடித்துவந்து ஓடவிட்டான். பிறகு கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரர்களுக்கு உழைப்பைப் பற்றி வகுப்பெடுத்தான்.

நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள். டிக்கெட் கவுன்ட்டர் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. உள்ளே கம்ப்யூட்டர் திரைகள் அசையவில்லை. டிக்கெட்டுக்கும் அறிக்கைக்கும் ஒரே சர்வர்தான். மேனேஜர் அவள் அறைக்கே வந்துவிட்டார்.

"தினமும் புகாரா வருதும்மா. இன்னிக்கும் இது படுத்துதுன்னா வெளியாள்கிட்ட ஒப்படைச்சிடுவேன். நீங்க வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுக்கலாம்."

சொல்லிவிட்டுக் கவுன்ட்டர் பக்கம் ஓடினார்.

சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தாள். ஒரே ஸ்கிரிப்ட், திரை கொள்ளாமல். எல்லாம் மேதையின் லாகின் கணக்கிலிருந்து. கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, உங்க சர்வர் நத்தை மாதிரி நகருது?" என்றபடி வந்தான்.

"உன் ஸ்கிரிப்ட் ஏன்டா நூத்துக்கணக்குல ஓடுது?"

"அதுவா? காவலாளி போட்டிருக்கேன்." முகத்தில் அப்படியொரு பெருமை. "அறிக்கை சீக்கிரம் முடியலன்னா, ஸ்கிரிப்ட் செத்துடுச்சுன்னு அர்த்தம். உடனே புதுசா ஒண்ணைக் கிளப்பிவிடும்."

"பழசை நிறுத்துமா?"

"அதான் செத்துடுச்சே, அதை எதுக்கு நிறுத்தணும்?"

எதுவும் சாகவில்லை. டிக்கெட் கூட்டத்தில் பழைய ஸ்கிரிப்ட் ஊர்ந்துகொண்டிருந்தது. புதியது வந்து சேர்ந்ததும் இரண்டும் இன்னும் மெதுவாகின. காவலாளி மூன்றாவதைக் கிளப்பியது. வாசலில் நெரிசலைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேரை உள்ளே தள்ளும் காவலாளி! போதாக்குறைக்கு, 'சர்வர் மெதுவாக இருக்கிறது' என்று மேனேஜருக்குத் தானாகப் புகார் அனுப்பவும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தான். அவள் வேலைக்கு உலை வைத்தது அந்தப் புகார்கள்தான்.

காவலாளியை முதலில் நிறுத்தினாள், பிறகு அது பெற்றுப்போட்ட அத்தனையையும். கவுன்ட்டர்களில் டிக்கெட் அச்சாகும் சத்தம் கேட்டது. மேனேஜர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"யாரு பண்ண வேலைம்மா இது?"

மேதை கண்ணாலேயே கெஞ்சினான். மாமியாரின் முகம் ஒரு நொடி வந்து போனது. போகட்டும்.

"இவன்தான் சார். என் கொழுந்தன், நான் சேர்த்துவிட்டவன். இனி இவன் கணக்குல எந்த ஸ்கிரிப்ட்டும் ஓடாது, தடுத்துட்டேன். அறிக்கையைக் கையால செய்யட்டும்."

"சரிதான். தம்பி, இன்னிக்கு அறிக்கை மத்தியானத்துக்குள்ள வந்தாகணும்."

அவர் போன பிறகும் மேதை நகரவில்லை. குனிந்து கிசுகிசுத்தான்.

"அண்ணி, டிப்போ விவரமெல்லாம் எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்களேன். நான் ஒரு தடவைகூட செஞ்சதில்ல."

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"மேனேஜர் இன்னும் வராந்தாவுலதான் இருக்கார். அவர்கிட்டயே போய்க் கேளு."